வன்னியிலிருந்து கொழும்புக்கு: சில நாட்கள் தங்கக் குறைந்த செலவில் இடம் பிடிக்கும் முறை

வன்னியிலிருந்து கொழும்புக்குச் செல்பவர்களில் பெரும்பாலானோர் ஊர் பார்க்கச் செல்பவர்கள் அல்லர். மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை, தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, பத்தரமுல்லையில் ஆவண வேலை, புதுக்கடையில் வழக்கு, கட்டுநாயக்காவில் பிள்ளையை வழியனுப்புதல் என்று, தள்ளிப்போட முடியாத ஒரு காரியத்துக்காகவே மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் மக்கள் புறப்படுகிறார்கள். பேருந்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். கணக்கை மீறிப் போவது தங்குமிடச் செலவுதான். நெல்லை விற்றோ நகையை அடகு வைத்தோ கொண்டுபோன பணம் இரண்டாம் நாளே கரைந்துவிடுவதற்கு அதுவே முதற் காரணம்.

அறையின் வாடகையை மட்டும் பார்த்து இடம் எடுத்தவர்கள், பிறகு ஓட்டோவுக்கும் பயன்படாமற்போன ஓர் இரவுக்கும் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னரே மூன்று விடயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: வேலை கொழும்பின் எந்தப் பகுதியில் நடக்கிறது, காலையில் எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அது ஒரு நாளில் முடியுமா அல்லது நீளுமா என்பவையே அவை. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் இடத்தைத் தேடும் வேலை பாதி முடிந்துவிடும்.

பயணம் தேவைதானா

முதலில் செய்ய வேண்டியது தொலைபேசியை எடுப்பது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். எந்த வேலைக்கு எந்த ஆவணம் வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே கேட்டறியலாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லை சுகுருபாயவில் இருந்தாலும் அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் இயங்குகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்த வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாணத்திலும் உண்டு. இந்திய விசா வேலைகளுக்கு யாழ்ப்பாணத்தில் துணைத்தூதரகம் இருக்கிறது. புற்றுநோய் நோயாளிகளுக்குத் தெல்லிப்பழையில் 2013ஆம் ஆண்டிலிருந்து ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்கி வருகிறது. மகரகமவில் சொல்லப்பட்ட சிகிச்சையின் ஒரு பகுதியையாவது அங்கே தொடர முடியுமா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது.

நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். போயா தினத்தில் அலுவலகங்கள் பூட்டப்பட்டிருக்கும். போயாவுக்கு முதல்நாள் வேலை முடியாவிட்டால் ஒரு நாள் வாடகை சும்மா போகும். அவ்வாறே வெள்ளிக்கிழமை தொடங்கும் ஆவண வேலை இழுபட்டால் சனி, ஞாயிறு இரண்டும் உங்கள் செலவிலேயே கழியும். திங்கட்கிழமை சனம் அதிகம். செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில் அலுவலகத்தில் நிற்கும்படி புறப்படுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

விடியற்காலையில் இறங்குவதும் அறைக்கு நேரம் தொடங்குவதும்

வன்னியிலிருந்து செல்பவருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரவுப் பேருந்து விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கொழும்பில் இறக்கிவிடும். விடுதிகள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் அறையைக் கொடுக்கும். நான்கு மணிக்கு வந்தவர் உடனே அறை கேட்டால், சில விடுதிகளில் முந்தின இரவுக்கும் சேர்த்து இரண்டு நாள் வாடகை எழுதிவிடுவார்கள். வேறு சில லொட்ஜுகளில், நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கணக்கிடுவார்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் இரவுப் பேருந்தில் வருபவருக்கு இந்த இரண்டாவது வகையே இலாபம். ஏனென்றால் காலை ஐந்து மணிக்கு நுழைந்து, குளித்து, வேலைக்குப் போய், இரவு நிம்மதியாகத் தூங்கி, மறுநாள் ஐந்து மணிக்கு வெளியேறினாலும் ஒரு நாள் வாடகையோடு முடிந்துவிடும்.

வேலை ஒரே நாளில் முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அறையே எடுக்காமல் அன்றிரவே திரும்பும் பேருந்தில் ஏறலாம். இளவயதினருக்கு இது பொருந்தும். அப்படியானவர்கள் கோட்டைப் புகையிரத நிலையத்தில் உள்ள பொருட்காப்பறையில் பையை ஒப்படைத்துவிட்டு நடக்கலாம். குளித்து உடைமாற்றுவதற்கு மட்டும் சில மணித்தியாலங்களுக்கு அறை தரும் இடங்கள் உண்டு. ஆனால் புறக்கோட்டையிலும் மருதானையிலும் மணிக்கணக்கில் அறை தரும் எல்லா இடங்களும் குடும்பத்தோடு நுழையத்தக்கவை அல்ல. தெரிந்தவர் ஒருவர் சொன்ன இடமாக இருந்தால் மட்டும் போங்கள். நோயாளியையோ முதியவரையோ அழைத்துச் செல்பவர்கள் இரண்டு இரவுகளை அடுத்தடுத்துப் பேருந்தில் கழிக்க வேண்டாம். அப்படி மிச்சம் பிடிக்கும் காசு அவர்களின் உடம்பிலிருந்து எடுக்கும் காசாகவே இருக்கும்.

பகற் புகையிரதத்தில் செல்வது இன்னொரு வழி. முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளவர்கள் மாங்குளத்தில் ஏறலாம். பிற்பகலிலோ மாலையிலோ கொழும்பை அடைந்தால் அறை கிடைக்கும் நேரம் கடந்திருக்கும், இரவு முழுவதும் உறங்கி எழுந்து காலையில் வரிசைக்குப் போகலாம். கொடுக்கும் ஓர் இரவு வாடகைக்கு முழுப் பயனும் கிடைக்கும்.

எந்தப் பகுதியில் தேடுவது

தமிழர் என்றால் வெள்ளவத்தை என்று பலர் யோசிக்காமலே அங்கே போகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது: காலி வீதியின் இருபுறமும் தமிழ் பேசும் லொட்ஜுகள், சைவ உணவுக் கடைகள், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் நாள் வாடகைக்கு விடும் தொடர்மாடி வீடுகள், இரவில் வடக்கே புறப்படும் சொகுசுப் பேருந்துகள் எல்லாம் அருகருகே உள்ளன. முதன்முறை கொழும்பு செல்பவருக்கு மொழிப் பயம் இல்லாத இடம் அது. ஆயினும் வாடகை அங்கே குறைவு என்று நினைக்கக் கூடாது. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் புலம்பெயர்ந்த உறவுகள் வரும்போதும், ஆடிவேல் விழாவின்போதும், திசம்பர் விடுமுறையிலும், கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கி வரும் மாதங்களிலும் அறைகள் நிறைந்து விலையும் ஏறிவிடும். ஒரு தரிப்பிடம் தள்ளித் தெகிவளைக்குப் போனால் அதே வசதி பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 100, 101 ஆம் இலக்கப் பேருந்துகள் காலி வீதி வழியே புறக்கோட்டை வரை ஓடிக்கொண்டே இருக்கின்றன, கரையோரப் புகையிரதமும் உண்டு.

தேசிய வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, பொரளையில் உள்ள சிறுவர் வைத்தியசாலை ஆகியவற்றுக்குப் போக வேண்டியவர்கள் மருதானை, பொரளைப் பக்கம் தேடுவது நல்லது. வடக்கிலிருந்து வரும் புகையிரதம் கோட்டைக்கு முன் மருதானையைக் கடந்தே செல்கிறது. அங்கே நிற்கும் வண்டியாயின் அங்கேயே இறங்கிவிடலாம். புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வருபவர்களுக்குக் கொட்டாஞ்சேனை வசதியானது. அங்கும் தமிழ் பேசுவோர் நிறைய இருக்கிறார்கள், வாடகையும் வெள்ளவத்தையை விடச் சற்றுத் தணிவாகவே இருக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா நடைபெறும் யூன் 13ஐ அண்டிய நாட்களில் மட்டும் அங்கே இடம் கிடைப்பது கடினம்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்பவர்கள் வெள்ளவத்தையில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிருலப்பனை வரை சென்று ஹைலெவல் வீதியில் 138 ஆம் இலக்கப் பேருந்து பிடிக்கலாம் என்றாலும், மருந்து ஏற்றிய பின் வாந்தியும் களைப்புமாக இருக்கும் ஒருவரை அந்த நெரிசலில் ஏற்றிவர முடியாது. ஒவ்வொரு நாளும் ஓட்டோ பிடித்தால் அறையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். வைத்தியசாலையைச் சுற்றியே அறை விடும் வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் சிங்களத்தில் பேசுவார் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். நோயாளிகளைக் கண்டு பழகிய வீடுகள் அவை. வெந்நீர் எப்போது தேவைப்படும், கஞ்சி வைக்க அடுப்பு வேண்டும் என்பவையெல்லாம் அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பத்தரமுல்லை அலுவலகங்களுக்குச் செல்பவர்கள் கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 ஆம் இலக்கப் பேருந்தில் போகலாம். காலையில் முன்வரிசையில் நிற்க வேண்டுமானால் பொரளை, ராஜகிரிய பக்கம் ஓர் இரவு தங்குவது மேல்.

கொழும்புக்குள் நுழையவே தேவையில்லாத பயணங்களும் உண்டு. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் நீர்கொழும்பில் தங்கலாம். புத்தளம் வழியாக ஓடும் பேருந்தில் வந்தால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ராகம போதனா வைத்தியசாலைக்கோ, போரில் காயப்பட்ட எம்மவர் பலர் சென்றுவரும் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் ராகம புகையிரத நிலையத்தில் இறங்கி அங்கேயே இடம் பார்க்கலாம்.

எவ்வகை இடங்கள்

நோயாளியோடு செல்பவர்கள் பணம் கொடுத்து அறை எடுப்பதற்கு முன், வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். வாட்டுத் தாதியிடம் கேட்டாலே அவர் இருக்கும் அறையைக் காட்டுவார்கள். தூர இடங்களிலிருந்து வருபவர்களுக்கு இலவசமாகவோ சிறு தொகைக்கோ இடம் தரும் இல்லங்களின் விபரம் அவர்களிடமே இருக்கும். மகரகமவில் வெளிமாவட்டப் புற்றுநோயாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் தங்குமிடம் கொடுப்பதற்காகவே நடத்தப்படும் சி.சி.சி. இல்லம் இதற்கு நல்ல உதாரணம். இத்தகைய இடங்களில் கிளினிக் கொப்பியும் வைத்தியரின் துண்டும் கேட்பார்கள். கிராம சேவகரின் கடிதம் ஒன்றையும் ஊரிலேயே வாங்கிச் சென்றால் அலைச்சல் குறையும். சிறுவர் வைத்தியசாலையில் தாய் பிள்ளையோடு வாட்டில் நிற்பார். தகப்பனுக்கு ஒருவர் படுக்கும் அறை போதும், குடும்ப அறை எடுக்கத் தேவையில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை போன்றவை வாரத்தில் ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் நீளக்கூடியவை. அப்படியானால் நாள் வாடகை லொட்ஜைவிட, வார வாடகைக்கோ மாத வாடகைக்கோ ஓர் அனெக்ஸ் பிடிப்பதே புத்தி. சமைக்கலாம் என்பது அதன் பெரிய வரவு. இரண்டு பேரின் மூன்று நேரச் சாப்பாட்டைக் கடையில் வாங்கும் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்; ஒரு கிழமையில் அது வாடகையை எட்டிப் பிடிக்கும். ஊரிலிருந்து அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோனால் இன்னும் மிச்சம். இரு குடும்பங்கள் ஒரே காலத்தில் சிகிச்சைக்கு வந்தால் ஒரு தொடர்மாடி வீட்டைப் பகிர்ந்து எடுப்பதும் நடைமுறையில் உள்ளதே.

தனியே செல்லும் பெண்கள், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோருக்கு வை.டபிள்யூ.சி.ஏ. போன்ற அமைப்புகளின் விடுதிகளும் அருட்சகோதரிகள் நடத்தும் பெண்கள் விடுதிகளும் பாதுகாப்பானவை. மன்னார், மடுப் பக்கத்தவர் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கிப் போவது நல்ல பலன் தரும். இரவு எத்தனை மணிக்கு வாயிற்கதவைப் பூட்டுவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே கேளுங்கள். அரச ஊழியர்களும் ஆசிரியர்களும் தமது திணைக்களத்துக்கோ அமைச்சுக்கோ கொழும்பில் விடுமுறை விடுதி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இருந்தால் அதைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது.

உறவினர் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் உள்ள எம்மவர் பலர் இரண்டு அறைத் தொடர்மாடியில் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஓர் இரவு, இரண்டு இரவு என்றால் அரிசியும் தேனும் கொண்டுபோய் அன்போடு தங்கி வரலாம். அதற்கு மேல் நீளும் என்று தெரிந்தால், அவர்கள் வற்புறுத்தினாலும் அருகில் ஓர் அறை எடுத்துக்கொண்டு உணவை மட்டும் அங்கே வைத்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் நல்லது.

இணையத்தில் தேடும்போது

புக்கிங், ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் பார்ப்பது விலையின் போக்கை அறிய உதவும். ஆனால் அங்கே ‘வெள்ளவத்தை’ என்று எழுதியிருப்பது பாமன்கடையாகவோ கல்கிசையாகவோ இருக்கலாம். வரைபடத்தைத் திறந்து, நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். விடுதியின் பெயர் தெரிந்தபின் அதன் இலக்கத்துக்கு நேரடியாக அழைத்தால், இலங்கையருக்கான உள்ளூர் விலை ஒன்றைப் பல இடங்களில் சொல்வார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் பெயரில் பதிவு செய்தால் வெளிநாட்டவர் விலை வரக்கூடும். ஆகவே உள்ளூர் அடையாள அட்டை உள்ளவர் பெயரில் பதியலாமா என்று கேளுங்கள். முகநூலில் அழகான படங்களோடு மிகக் குறைந்த விலை போட்டு, முழுப் பணத்தையும் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்பவரிடம் ஏமாற வேண்டாம். ஒரு நாள் வாடகைக்கு மேல் முற்பணம் கேட்டாலே, கொழும்பில் இருக்கும் யாராவது ஒருவரை நேரே அனுப்பிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

“ரூம் எவ்வளவு” என்ற ஒரே கேள்வியோடு பலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். விலை முழுவதும் அதற்குப் பிறகுதான் வெளிவரும். இப்படிக் கேளுங்கள்: “ஐயா, நாங்கள் மூன்று பேர், அம்மா நோயாளி. புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கு வருவோம். அந்த நேரத்திலிருந்து ஒரு நாள் கணக்கா, பன்னிரண்டு மணிக் கணக்கா? வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து, ஏசி இல்லாமல், மேலதிக மெத்தையோடு முழுதாக எவ்வளவு? அறை எத்தனையாம் மாடியில், லிப்ட் வேலை செய்கிறதா?” இவ்வளவும் ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம். பதில் சொல்பவரின் பெயரையும் சொன்ன தொகையையும் எழுதிக்கொண்டு, அதையே குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப்பிலோ அவருக்கு அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்கி வைத்தால் பின்னால் பேச்சு மாறாது.

வரியைப் பற்றிக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம். அறை 6,000 ரூபா என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 6,600. 2024 சனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அதையும் சேர்த்தால் 7,788 ரூபா. மூன்று இரவுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் வித்தியாசம் வரும். சிறிய லொட்ஜுகள் பல இவற்றை வசூலிப்பதில்லை. ஆகவே 7,000 என்று முழு விலை சொல்லும் லொட்ஜ், 6,000 என்று தொடங்கும் ஹோட்டலைவிட மலிவாக அமையலாம். ஏசி வேண்டாம் என்றால் பல இடங்களில் அதே அறையைக் குறைத்துத் தருவார்கள். மூன்று நாட்களுக்கு மேல் நிற்கிறீர்கள் என்றால் குறைத்துக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அறைக்குள் நுழையும்போது

பணம் கொடுப்பதற்கு முன் அறையைப் பாருங்கள். மின்விசிறியைப் போடுங்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள், கதவின் உட்தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பாருங்கள். மெத்தையின் மூலையைத் தூக்கித் தையலோரத்தில் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தால், மூட்டைப்பூச்சி இருந்தால் சிறு கறுப்புப் புள்ளிகளாக அதன் அடையாளம் தெரிந்துவிடும். அப்படிக் கண்டால் வேறு அறை கேளுங்கள், அல்லது வெளியேறிவிடுங்கள், ஏனெனில் அது பையோடு ஊருக்கும் வந்து சேரும். முழங்கால் வருத்தம் உள்ளவருக்குக் கொமட் உள்ள குளியலறை வேண்டும். காலி வீதியைப் பார்த்த அறையில் இரவு முழுதும் வாகன இரைச்சல் இருக்கும். நோயாளிக்குப் பின்பக்க அறையைக் கேளுங்கள்.

ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொண்டுபோக வேண்டும், அதன் நிழற்பிரதிகள் இரண்டு மூன்றையும் வைத்திருக்க வேண்டும். லொட்ஜில் பெயரும் இலக்கமும் பதிவேட்டில் எழுதப்படும். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதியும், தம்பதியருக்குச் சில இடங்களில் திருமணச் சான்றிதழின் பிரதியும் தேவைப்படலாம். எங்கள் மூத்தவர்கள் இந்தப் பதிவேட்டைக் கண்டால் இன்றும் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வந்து தங்கியிருந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். அந்த நினைவோடு வரும் தாய் தகப்பனிடம், இப்போது எழுதப்படுவது எல்லா விருந்தினரிடமும் கேட்கப்படும் சாதாரணப் பதிவு என்பதைப் பொறுமையாக விளக்கி அழைத்துப் போங்கள். அவர்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் தெரிந்தவரின் லொட்ஜையோ வீட்டு அறையையோ தேர்வது வீண் செலவு ஆகாது.

கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தங்குமிடத்தின் முகவரியைச் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வாங்கி முதியவரின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். வழி தவறினாலும் எந்த ஓட்டோவிலும் காட்டலாம். ஓட்டோவை நிலையத்து வாசலில் பேரம் பேசிப் பிடிப்பதைவிடப் பிக்மீ செயலியில் அழைத்தாலோ மீற்றர் போடும் வண்டியில் ஏறினாலோ கட்டணத் தகராறு இராது. நள்ளிரவில் நோய் கூடினால் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் கிடைக்கும். அழைக்கும்போது அந்த முகவரித் தாள் கையில் இருக்க வேண்டும்.

கடைசி நாள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு அறையை விட வேண்டும், பேருந்தோ இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் புறப்படும். இன்னொரு நாள் வாடகை கட்டாமல் பையை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போக அநேகமான இடங்களில் விடுவார்கள்; நோயாளி படுத்திருக்க வேண்டுமானால் மாலை வரைக்கும் அரைநாள் வாடகை பேசலாம். இதை வெளியேறும் காலையில் கேட்டால் அடுத்த விருந்தினருக்கு அறை கொடுத்தாகிவிட்டது என்பார்கள். முதல்நாள் சாவியை வாங்கும்போதே, எந்தப் பேருந்தில் திரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லிப் பேசி முடித்துவிடுங்கள்.